டீ போடக் கத்துக்கிட்டா அடுத்தது என்ன கோர்ஸ்?

என் வேலையில் பாதி நேரம் கண்டிஷன் எழுதுவதிலேயே போகிறது. இது சரியா இருந்தா உள்ளே விடு, இல்லேன்னா வெளியே அனுப்பு. தப்பா ஒரு வரி எழுதிட்டா யாருக்கோ ஸ்கிரீன்ல எரர் வரும். திட்டு வாங்கிக்கிட்டு சாயங்காலத்துக்குள்ள திருத்திடலாம். அதே தப்பு ஒரு சட்டத்தில் நடந்தா? இங்கிலாந்தில் 1992ல் நடந்தது. திருத்த எட்டு வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். 'கடுமையான கற்றல் குறைபாடு' என்று அங்கே சொல்வது 'தாரே ஜமீன் பர்' படத்தில் பார்த்த டிஸ்லெக்ஸியா இல்லை. பேசுவதற்கும், காசு எண்ணுவதற்கும், தனியாக ரோடு தாண்டுவதற்கும் பெரியவர்களான பிறகும் துணை தேவைப்படுகிற அறிவுசார் குறைபாடு. இப்படிப்பட்ட பிள்ளைகள் பள்ளி முடித்ததும் அங்கே உள்ளூர் கல்லூரியில் சேரலாம். கல்லூரி என்றால் டிகிரி தருகிற இடம் இல்லை; நம்ம ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாதிரி. பக்கத்து அறையில் பிளம்பிங் வகுப்பு நடக்கும். இவர்கள் வகுப்பில் கடைக்குப் போய் சாமான் வாங்குவது, பஸ் பிடிப்பது, துணி துவைப்பது, டீ போடுவது.

'இதுக்கு ஒரு காலேஜா?' என்று தோணுதா? கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் போகலாம்.

1944ல் வந்த கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைக்கும் இடைநிலைக் கல்வி வரை இலவசம் என்றது. பிரிட்டன் இன்றைக்கும் பெருமைப்படுகிற சட்டம். ஆனால் அதிலேயே ஒரு ஓட்டை. 'இந்தப் பிள்ளைக்குக் கல்வி கற்கும் திறன் இல்லை' என்று அதிகாரிகள் முடிவு செய்தால், கல்வித்துறை அந்தப் பிள்ளையைக் கைகழுவி விடலாம். அப்புறம் அது சுகாதாரத்துறையின் பொறுப்பு. பெற்றோருக்கு ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். ஜூடி ஃப்ரைட் என்ற அம்மா 1946ல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, தன்னைப் போன்ற பெற்றோரைத் திரட்டினார். அந்தச் சங்கம்தான் பின்னாளில் மென்கேப் என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது.

1958ல் ஜாக் டிசார்ட் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். லண்டன் ஃபவுண்டன் மருத்துவமனை வார்டில் கிடந்த 16 குழந்தைகளை ப்ரூக்லண்ட்ஸ் என்ற பெரிய வீட்டுக்கு மாற்றி, விளையாட்டும் பேச்சுமாக வளர்த்தார். இரண்டு வருஷத்தில், வார்டிலேயே இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் பேச்சில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். குறை பிள்ளைகளிடம் மட்டும் இல்லை, அவர்களைப் போட்டு வைத்த இடத்திலும் இருந்தது.

1970ல் இன்னொரு சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. 1971 ஏப்ரலில் பயிற்சி மையங்களில் இருந்த சுமார் 24,000 பிள்ளைகளும், மருத்துவமனைகளில் இருந்த சுமார் 8,000 பிள்ளைகளும் முதல் முறையாகப் 'பள்ளி மாணவர்கள்' ஆனார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து 16, 19 வயதை எட்டியபோது அடுத்த கேள்வி வந்து நின்றது. இனிமே எங்கே?

பல பேருக்குப் பதில், பெரியவர்களுக்கான பயிற்சி மையம். சாமான்களைப் பொட்டலம் போடுவது மாதிரி வேலை, கைச்செலவுக்குக் காசு. 1978ல் மேரி வார்னாக் தலைமையிலான கமிட்டி தன் அறிக்கையில் மூன்று விஷயங்களுக்கு முன்னுரிமை கேட்டது. அதில் ஒன்று பள்ளி வயது தாண்டிய இளைஞர்களுக்கான கல்வி. படிப்பின் நோக்கம் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான், அறிவை வளர்ப்பதும் முடிந்த அளவு சுதந்திரமாக வாழ வைப்பதும். சிலருக்குப் பாதை ரொம்பக் கரடுமுரடு, அவ்வளவுதான் என்றார் வார்னாக். கல்லூரிகளின் கதவு மெல்லத் திறந்தது.

வகுப்பில் என்னதான் நடக்கும்? டீ போடுவதையே எடுத்துக்கலாம். கெட்டிலில் தண்ணீர் பிடி, சுவிட்சைப் போடு, கப் எடு, டீ பை போடு, கொதித்ததும் ஊற்று... ஒரு வேலையைப் பத்துப் பதினைந்து படிகளாக உடைப்பார்கள். சில நேரம் கடைசிப் படியிலிருந்து ஆரம்பிப்பார்கள். மற்றதெல்லாம் ஆசிரியர் செய்ய, கடைசி ஒன்றை மட்டும் மாணவர் செய்வார். 'நான் முடிச்சேன்' என்ற சந்தோஷம் முதல் நாளே கிடைத்துவிடும். அப்புறம் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வருவார்கள். அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர் 1970களில் இதே மாதிரி படிகளாக உடைத்து, 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டவே சொல்லிக்கொடுத்தார். எனக்கே கொடுத்தால் ரெண்டு பாகம் மிச்சம் இருக்கும் :)

சரி, 1992க்கு வருவோம். அந்த வருஷத்துச் சட்டம் கல்லூரிகளை உள்ளாட்சிகளிடமிருந்து பிரித்து, பணம் தர ஒரு தேசியக் கவுன்சிலை வைத்தது. எந்தெந்தப் படிப்புக்கு அந்தக் கவுன்சில் பொறுப்பு என்று இரண்டாவது அட்டவணையில் ஒரு பட்டியல். அதன் கடைசி வரி, 'ஜே' பிரிவு. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு சுதந்திரமாக வாழவும் பிறரோடு தொடர்புகொள்ளவும் கற்றுத்தரும் படிப்பு. அட, நல்லாத்தானே இருக்கு? பொறுங்க, கூடவே ஒரு கண்டிஷன். அந்தப் படிப்பு, பட்டியலில் உள்ள வேறொரு படிப்புக்கு மாணவரைத் தயார் செய்வதாக இருக்கணும். எழுத்தறிவோ, கணக்கோ, அதற்கு மேலே உள்ள ஏதோ ஒன்றோ.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துக்குங்க. 20 வயசு, எழுத்துக்கூட்டிப் படிக்க வராது, வரப்போவதும் இல்லை. ஒரு வருஷம் முயன்று டீ போடக் கத்துக்கிட்டாள். வீட்டுக்கு வந்த அத்தைக்குத் தன் கையால் ஒரு கப் கொடுக்கிறாள். அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் சட்டம் கேட்பது, 'அடுத்தது என்ன கோர்ஸ்?' பதில் இல்லையென்றால் கவுன்சிலுக்குப் பொறுப்பில்லை, உள்ளாட்சியிடம் போ. அதாவது யாருக்கு இந்தப் படிப்பு அதிகம் தேவையோ, அவர்களைத்தான் அந்தக் கண்டிஷன் முதலில் வெளியே தள்ளியது.

எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. படிப்பு என்றால் ஏணி, ஒரு படி ஏறினால் அடுத்த படி இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். நாமும் பிளஸ் டூ, பி.ஈ., வேலை என்று அப்படித்தானே வளர்ந்தோம்?

1996ல் ஜான் டாம்லின்சன் கமிட்டி இந்தப் பார்வையையே திருப்பிப் போட்டது. குறையை மாணவரிடம் தேடாதீர்கள், மாணவருக்கும் பாடத்துக்கும் உள்ள பொருத்தத்தைப் பாருங்கள் என்றது. 2000ல் வந்த புதுச் சட்டத்தோடு அந்த இரண்டாவது அட்டவணைப் பாகுபாடு ஒழிந்தது. பரீட்சை இல்லாத படிப்பில் முன்னேற்றத்தை எப்படிக் காட்டுவது என்பதற்கும் ஒரு முறை வந்தது. மாணவர் எங்கே ஆரம்பித்தார், அவருக்கான இலக்கு என்ன, எவ்வளவு தூரம் வந்தார் என்று அவரை அவரோடேயே ஒப்பிடுவது.

2013ல் ஆதரவுடன் கூடிய இன்டர்ன்ஷிப் வந்தது. குறைந்தது ஆறு மாதம் நிஜமான வேலையிடத்தில், சொல்லித்தர ஒரு ஆளோடு. 2014 சட்டம் கல்வித் திட்டத்தை 25 வயசு வரை நீட்டிக்கலாம் என்றது. அதிலும் ஒரு கண்டிஷன் உண்டு. 18 தாண்டியவருக்கு இனி திட்டம் வேண்டாம் என்று முடிவு செய்யும் முன், குறித்த இலக்குகளை அவர் எட்டிவிட்டாரா என்று உள்ளாட்சி யோசிக்க வேண்டும். 25 வரை யாருக்கும் தானாகக் கிடைத்துவிடாது.

ஆக, கண்டிஷன் இல்லாத சட்டம் கிடையாது. ஆனால் 'அடுத்த கோர்ஸ் என்ன?' என்று கேட்பதற்கும் 'உனக்கு வேண்டியது வந்துடுச்சா?' என்று கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. முதல் கேள்விக்கு அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. ரெண்டாவதுக்கு அவள் போய் கெட்டில் சுவிட்சைப் போட்டாலே போதும்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது படித்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க. நான் எங்காவது சொதப்பியிருந்தால் அதையும்.