எட்டில் ஒரு பங்கு: உஹதிலிருந்து திட்டக்குடி வரை

ஹிஜ்ரி 3இல் நடந்த உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களின் சொத்து முழுவதையும் சகோதரர் எடுத்துக்கொண்டார். மனைவி தம் இரு பெண்மக்களுடன் வந்து நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியது சகோதரருக்கு எனத் தீர்ப்பாயிற்று. 24 பங்குகளில் இவை முறையே 16, 3, 5 ஆகும். கடனும் வஸிய்யத்தும் இதற்கு முந்தியவை. கொடுபடாத மஹரும் கடனே.

இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இவ்வுரிமையை உறுதிசெய்தது. எனினும் வேளாண் நிலத்தை அது விலக்கியிருந்தது. 1949ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் திருத்தம் அந்நிலத்தையும் சேர்த்தது. வயலை நம்பி வாழும் திட்டக்குடி போன்ற ஊர்களில் இத்திருத்தத்தின் மதிப்பு பெரிது.

இன்று பங்கு நழுவும் இடம் அலுவலக மேசை. வங்கிக் கணக்கின் நாமினியே உரிமையாளர் எனப் பலர் எண்ணுகின்றனர். நாமினி பணத்தைப் பெறுபவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழும் பெயர்களையே கூறும், பங்குகளைக் கூறாது. பங்கை வகுப்பது ஷரீஅத்.

ஆதலால், இத்தாவிலிருக்கும் பெண்ணிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெற விரைவோர், ஸஅத் (ரலி) அவர்களின் சகோதரருக்கு இடப்பட்ட கட்டளையை நினைவுகூர வேண்டும்.