தியானம்: யார் கொடுத்த மானியம்?

தியான வகுப்புக்குப் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தி கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். மூளையின் படம், இரண்டு வரைபடங்கள், கீழே 'அமெரிக்க ஆய்வுகள் நிரூபித்தவை' என்று ஒரு பட்டியல். "நீதான் இன்ஜினியர் ஆச்சே, படிச்சுச் சொல்லுப்பா. பிரஷர் மாத்திரைய நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் வேலையிடத்தில் ஒரு சோதனை அறிக்கை கைக்கு வந்தால் முதலில் இரண்டு விஷயங்களைப் பார்ப்போம். சோதனையைச் செய்தது யார்? செலவை ஏற்றது யார்? தியான ஆய்வுகளையும் அந்தக் கண்ணோடு வாசிக்க ஆரம்பித்தேன்.

மானியம் என்றால் நம் ஊரில் தமிழ்ப்பள்ளி, கோவில், அட்டையில் செய்த பெரிய மாதிரிக் காசோலை எல்லாம் ஞாபகத்துக்கு வரும். கொடுத்தவரும் வாங்கியவரும் சிரித்தபடி நிற்கும் படம் மறுநாள் பத்திரிகையில் இருக்கும். ஆய்வுக் கட்டுரையில் அந்தப் படம் கிடையாது. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை.

இந்த ஆய்வுகளின் தொடக்ககாலம் எளிமையானது. 1935-ல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதயநோய் மருத்துவர், இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் கருவியோடு இந்தியாவுக்கு வந்தார். ஒரு யோகி தன் இதயத்துடிப்பை ஏறக்குறைய நிறுத்திக் காட்டியதாக எழுதினார். 1957-ல் கலிபோர்னியாவிலிருந்து வெங்கரும் மிச்சிகனிலிருந்து பாக்சியும் இந்தியா வந்து அதை மறுபடி சோதித்தார்கள். ப்ரோஸ் பார்த்த அதே யோகியும் சோதனைக்கு ஒத்துக்கொண்டார். டெல்லி எய்ம்ஸின் ஆனந்தோடு சேர்ந்து 1961-ல் முடிவை வெளியிட்டார்கள். இதயம் நிற்கவில்லை. மூச்சைப் பிடித்து நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, அதனால் நாடி மங்குகிறது. தசைகள் எழுப்பும் சத்தத்தில் இதய ஒலியும் காதுக்குக் கேட்காமல் போகிறது. கருவியில் மட்டும் துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. கேள்வி தெளிவாக இருந்ததால் 'இல்லை' என்ற பதிலும் தெளிவாகக் கிடைத்தது.

அடுத்த கட்டத்தில் ஆய்வாளரும் ஆய்வுப் பொருளும் நெருங்கிவிடுகிறார்கள். மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தைத் தானே பயின்ற ராபர்ட் கீத் வாலஸ், அதைப் பற்றிய தன் முனைவர் பட்ட ஆய்வின் முடிவுகளை 1970-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். தியானத்தின்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் குறைகிறது என்றது கட்டுரை. பிறகு அவர் ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சனோடு சேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். அதன்பின் மகரிஷி பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் ஆனார். பென்சன் வேறு வழியில் போனார். 1975-ல் வந்த அவருடைய புத்தகத்தின் வாதம் இதுதான்: இந்த அமைதிக்கு ரகசிய மந்திரம் தேவையில்லை, எந்தச் சாதாரணச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் போதும். இருவரும் ஒரே ஆய்வகத்தில் இருந்தவர்கள். மந்திரம் கற்றுக்கொடுக்கும் அமைப்புக்கு இந்த இரண்டில் எந்த முடிவு வசதி என்பது சொல்லாமலே புரியும்.

பெரிய பணம் அரசியலின் வழியாக வந்தது. அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், தேனீ மகரந்த மாத்திரைகள் தன் ஒவ்வாமையைக் குணப்படுத்தியதாக நம்பியவர். அவர் முயற்சியில் 1990களின் தொடக்கத்தில் தேசிய சுகாதார நிறுவனத்துக்குள் மாற்று மருத்துவத்துக்கென ஓர் அலுவலகம் பிறந்தது. முதல் ஒதுக்கீடு 2 மில்லியன் டாலர். 1998-ல் அது தனி மையமாக உயர்ந்தது. அடுத்த ஆண்டே மகரிஷி பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 8 மில்லியன் டாலர் மானியம் கிடைத்தது. கறுப்பின மக்களின் இதயநோயைத் தியானத்தால் குறைக்க முடியுமா என்று ஆராய்வது அதன் முக்கிய வேலை. நல்ல கேள்விதான். ஆனால் பதில் தேடியவர்களின் நிறுவனமே அந்தத் தியானத்தின் பெயரில் நின்றது.

இங்கே யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. பொய்யே தேவையில்லை, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடும். ஒரு பம்பை, பம்பே இல்லாத குழாயோடு ஒப்பிட்டால் எந்தப் பம்பும் ஜெயிக்கும். தியானம் செய்தவர்களை, ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகள் ஏராளம். 2007-ல் அமெரிக்க அரசுக்காகக் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகக் குழு 813 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தது. பெரும்பாலானவற்றின் தரம் மோசம், உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்று எழுதியது. 2014-ல் இன்னொரு குழு கறாராக வடிகட்டியதில் 47 சோதனைகளும் 3,515 பேரும் மட்டுமே மிஞ்சினார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றைவிடத் தியானம் மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

சித்தியின் தாளில் இருந்த மூளைப் படத்துக்கு வேறொரு குடும்பக் கதை உண்டு. 1987-ல் தலாய் லாமா, சிலி நாட்டு விஞ்ஞானி பிரான்சிஸ்கோ வரேலா, தொழில்முனைவர் ஆடம் எங்கிள் ஆகியோர் தரம்சாலாவில் தொடங்கிய உரையாடல்தான் 'மைண்ட் அண்ட் லைஃப்' நிறுவனமாக வளர்ந்தது. வரேலா மறைந்த பிறகு, 2004-லிருந்து அவர் பெயரில் இளம் ஆய்வாளர்களுக்குச் சிறு மானியங்கள் தர ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு ரிச்சர்ட் டேவிட்சன் குழுவின் புகழ்பெற்ற கட்டுரை வந்தது. பல்லாயிரம் மணி நேரம் தியானித்தவர்களின் மூளை அலைகள் வேறுபடுகின்றன என்றது. அதில் இருந்த தியானிகள் 8 பேர், ஒப்பிடப்பட்ட மாணவர்கள் 10 பேர். 2007-ல் கொலராடோவில் 60 பேரை வைத்து நடந்த மூன்று மாத ஷமதா ஆய்வில், பங்கேற்றவர்கள் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தாங்களே பணம் கட்டினார்கள். மூன்று மாதம் வேலையை விட்டு, கைக்காசும் போட்டுத் தியானிக்க முடிந்தவர்கள் யார்? ஷிப்டு வேலை பார்க்கும் என் சித்தி நிச்சயமாக இல்லை.

நல்ல மானியத்துக்கும் உதாரணம் இருக்கிறது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை, பள்ளிகளில் மனநிறைவுப் பயிற்சி பலன் தருமா என்று பார்க்க 6.4 மில்லியன் பவுண்டு கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்ட் குழு 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000-க்கும் அதிகமான மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தது. 2022-ல் முடிவு வந்தது. வழக்கமான வகுப்புகளைவிட மாணவர்களின் மனநலத்தில் கூடுதல் பலன் இல்லை. அத்தனை பணம் கொட்டியும் கிடைத்தது ஒரு 'இல்லை'. அதை மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள். என் கணக்கில் அந்தப் பணம் வீணாகவில்லை.

தியானத்தால் கெடுதல் வருமா என்ற கேள்வி வெகுகாலம் ஓரத்திலேயே கிடந்தது. 2017-ல் லிண்டாலும் பிரிட்டனும் வெளியிட்ட ஆய்வில் 60 தியானிகளை நேர்கண்டார்கள். பயம், தூக்கமின்மை, தான் யாரென்ற உணர்வே கலங்குவது என்று பல சிக்கல்கள் பதிவாகின. நன்மையைத் தேடிக் கொடுக்கப்படும் பணம் இந்தக் கேள்வியை எளிதில் கேட்காது.

சித்தியின் கேள்விக்குப் பதில் தேடியபோது, அமெரிக்க இதயச் சங்கத்தின் 2013 அறிக்கை கிடைத்தது. இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்க ஆழ்நிலைத் தியானத்தைப் பரிசீலிக்கலாம் என்கிறது. மருந்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைத்தான் சித்தியிடமும் சொன்னேன். "தியானம் பண்ணுங்க சித்தி, நல்லதுதான். மாத்திரையையும் போடுங்க. நிறுத்துறதப் பத்தி டாக்டர்கிட்ட மட்டும் கேளுங்க."

பிறகு 8 பேர், 60 பேர் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுல யாரு காசு கொடுத்தாங்கன்னே போடலையே" என்றார்.

அடுத்த வாரம் வகுப்பில் அதைக் கேட்கப் போவதாகவும் சொன்னார்.