பொது நிலமும் தோட்டக் குடியிருப்பும்: கோல சிலாங்கூர் வட்டாரச் சூரிய மின்திட்டங்களை முன்வைத்து

சூரிய மின்னுற்பத்திக்குப் பரந்த நிலப்பரப்புத் தேவை. 2018ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்தில் இயங்கத் தொடங்கிய 50 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 98 ஹெக்டேரில் அமைந்துள்ளது. இத்தகைய தேவை கோல சிலாங்கூர் முதலிய வடசிலாங்கூர்த் தோட்டப் பகுதிகளை நோக்கித் திரும்புமாயின், ‘பொது நோக்கம்’ என்பதனுள் தோட்ட மக்கள் அடங்குவரா என்னும் பழைய வினா மீண்டும் எழும். இக்கட்டுரை அவ்வினாவை நில வரலாற்றின்வழி அணுக முற்படுகிறது.

மலேசியாவில் நிலம் மாநில அதிகாரத்திற்கு உட்பட்டது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 62ஆம் பிரிவின்கீழ், மாநில அரசு தன் நிலத்தைப் பொது நோக்கத்திற்கென அரசிதழ்வழி ஒதுக்கலாம். அவ்வொதுக்கீட்டு நிலத்தை 63ஆம் பிரிவின்படி 21 ஆண்டுகளுக்கு மேற்படாமல் குத்தகைக்கு விடலாம். தொடக்கக்காலப் பெருந்திட்டங்களின் மின்கொள்முதல் உடன்படிக்கைகளும் 21 ஆண்டுகளுக்கே செய்யப்பட்டன. ஆகவே, ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் வைக்கப்படும் நிலம் ஒரு தலைமுறைக் காலம் மின்னுற்பத்திக்கே கட்டுப்பட்டுவிடக்கூடும்.

தோட்ட நிலத்தின் வரலாறு வேறானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பிக்கும், பின்னர் ரப்பருக்குமாக நிலம் முதலீட்டாளர்க்கு வழங்கப்பட்டது. உரிமைப் பத்திரம் அவர்கள் பெயரில் இருந்தது. லயங்கள் நின்ற இடத்திற்குத் தனிப் பத்திரம் இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் கடமையையும் தோட்ட நிருவாகத்திடமே விட்டது. இவ்வாறு வீடு வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தபோது வீட்டுக்கான உரிமையும் முடிந்தது.

இதன் விளைவை மேரி, மின்யாக், புக்கிட் தாகார், நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களில் காணலாம். தோட்டங்கள் கைமாறிய பின் அங்கு வாழ்ந்தோர் சொந்த வீட்டிற்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தனர். 2023ஆம் ஆண்டிலேயே பெஸ்தாரி ஜெயாவில் அவர்களுக்கென 245 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆதலால், சூரிய மின்திட்டத்திற்காக நிலம் கைமாறுமுன் குடியிருப்பு, பள்ளி, கோயில், இடுகாடு ஆகியவற்றின் எல்லைகளை அளந்து பிரித்தல் வேண்டும். தனியார் நிலமாயின், அப்பகுதி முதலில் மாநிலத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும். அதன்பின் பள்ளிக்கும் இடுகாட்டிற்கும் 62ஆம் பிரிவே துணைநிற்கும். வீடுகளுக்கோ குடியிருப்போர் பெயரில் தனிப் பட்டா வேண்டும். மின்னாற்றல் பொதுநலம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்நிலத்தில் வாழ்வோரை ஒதுக்கிவிட்டு வரையறுக்கப்படும் பொதுநலம், தோட்ட வரலாற்றின் பழைய பிழையைப் புதிய பெயரில் தொடர்வதாகவே அமையும்.