ஸ்ரீ மூடா வெள்ளமும் நம்ம கோயில் நோட்டும்

மார்கழி மழை தொடங்கியாச்சு, ஒரு பழைய கதை சொல்றோம்.

1971 ஜனவரியில் கோலாலம்பூரே மூழ்கியது. 32 பேர் இறந்தார்கள். அப்புறம் ஆற்று வேலைகள் நடந்தன. 2007-ல் ஸ்மார்ட் சுரங்கமும் வந்தது. அது நகரத்துக்கு. கிள்ளான் ஆறு அதோட நிக்கலையே, கீழே ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா ஓரமா போகுது. அங்கே 1995-லேயே வெள்ளம் வந்திருக்கு. புதுசா குடிவந்தவங்களுக்கு அது தெரியாது.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஒரு மாச மழை ஒரே நாளில் கொட்டியது. ஜனங்க கூரை மேல ஏறி நின்றார்கள். போம்பா போட் எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை. சொந்தமா போட் வச்சிருந்தவங்களும் இறங்கிக் காப்பாத்தினாங்க.

நாங்களும் சாப்பாடு கட்டினோம். ஆனா தனியா இருக்கிற பாட்டிங்க யாரு, டயாலிசிஸ் போறவங்க எந்த வீடு, ஒண்ணும் தெரியல. அர்ச்சனைச் சீட்டில் பேரும் நட்சத்திரமும் இருக்கு, வீட்டு நம்பர் இல்ல. எங்கள்ல பாதிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க, தீப்பயிற்சியில தலை எண்ணாம விடமாட்டோம். கோயில்ல அதைச் செய்யல, வெட்கமா இருக்கு.

வெள்ளிக்கிழமை அன்னதானக் கூடத்தில் நோட்டு இருக்கும். வீட்டு நம்பர், மருந்து விவரம் எழுதுங்க. ஐசி, பிறப்புப் பத்திரத்தை ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு மாடியில வைங்க.