டியாகோ ஜேடிபியும் டெல்டாவின் ஸ்விஃப்ட்டும்

தஞ்சாவூரில் பழைய ஸ்விஃப்ட் டீசல் வைத்திருப்பவர்கள் ‘ரீமேப் போடலாமா?’ என்று கேட்கும்போது, 2018-இல் வந்த டியாகோ ஜேடிபியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய கார் அது.

அப்போதைய சாதாரண பெட்ரோல் டியாகோ 85 பிஎஸ், ஜேடிபி 114. நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ என்ஜினை எடுத்தவர்கள், அதன் முறுக்குவிசையை 170 நியூட்டன் மீட்டரிலிருந்து 150-ஆகக் குறைத்தார்கள். சின்னக் காரின் கியர்பாக்ஸை மனதில் வைத்தே அப்படிச் செய்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. கியர் விகிதம், சஸ்பென்ஷன், 15 அங்குலச் சக்கரம் எல்லாம் அந்த என்ஜினுக்கேற்ப மாறின.

ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் 75 பிஎஸ். 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர். அதற்குக் கீழே மந்தம். ரீமேப்பில், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குள் டர்போ அழுத்தமும் டீசல் அளவும் கூடும். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மற்ற பாகங்கள் பழையபடியே இருக்கும். நெடுநாள் ஓடிய கிளட்ச்தான் முதலில் வழுக்கும். காற்றுக்கு மிஞ்சிய டீசல் கரும்புகையாகும், கழிவுவாயுவின் சூடு டர்போவைக் கெடுக்கும். மார்கழியில் சுத்தமாக ஓடிய மேப், அக்னி நட்சத்திர வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும்போது புகை கக்கலாம்.

இதே மல்டிஜெட் மாருதி சியாஸில் 90 பிஎஸ்ஸோடு வந்தபோது அதன் டர்போவே வேறு. முறுக்குவிசை 200-தான், ஆனால் 1750 சுற்றிலேயே கிடைத்தது. காவிரி டெல்டாவுக்கு வேண்டியது இதுதான். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் ஏற்றமே கிடையாது. கடைத்தெரு, வாய்க்கால் பாலம், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் என்று வேகம் 40-க்கு இறங்கி மறுபடி 70-க்கு ஏறும். உச்ச பிஎஸ்ஸுக்கு அங்கே வேலை குறைவு. அறுவடை நாட்களில் பாதி ரோட்டில் நெல் காயும். பிரேக்கும் டயரும் நன்றாக இருந்தே ஆக வேண்டும்.

ஆகவே ஜேடிபியிடம் நான் எடுத்துக்கொள்வது அதன் அளவுகளை அல்ல, ஒவ்வொரு பாகத்தின் தாங்குதிறனையும் பார்த்துத் திட்டமிட்ட முறையை. கிளட்ச், பிரேக், டயரை முதலில் சரிசெய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால் ஆர்டிஓவிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேளுங்கள். பிறகு, முறுக்குவிசையை 200-ஐ ஒட்டி நிறுத்தி, 1800 முதல் 3000 சுற்று வரை சீராக இழுக்கும்படி மேப் போடச் சொல்லுங்கள்.