நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும்: கூட்டு வடிவங்களின் பரப்பளவு கண்ட வரலாறு

ஒழுங்கற்ற ஒரு நிலத்தின் பரப்பளவைக் காண, அதை முக்கோணம், செவ்வகம், சரிவகம் எனப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுகிறோம். இம்முறை மிகப் பழமையானது. கி.மு. 2100 அளவில், ஊர் நகரின் மூன்றாம் அரசமரபுக் காலத்தில், மெசபடோமிய நில அளவையாளர்கள் களிமண் பலகைகளில் வயல்களை இப்படித் துண்டுகளாகப் பிரித்து வரைந்திருக்கிறார்கள். ஆனால் இந்த வரலாற்றில் பிரிப்பதைக் காட்டிலும் ஆராயத்தக்க கேள்வி ஒன்று உண்டு: எந்தெந்தக் கோடுகளை அளந்தால் பரப்பளவு ஐயமின்றி உறுதியாகும்? வெளிப்பக்கங்கள் மட்டும் போதா, உள்ளே ஒரு கோடும் வேண்டும் என்ற தெளிவு மெல்லத்தான் வந்தது.

எகிப்தின் எட்ஃபூ கோயில் சுவரில், தாலமி மன்னர்கள் காலத்தில், கோயில் நிலங்களின் அளவுகள் பொறிக்கப்பட்டன. அங்கே கையாளப்பட்ட விதி எளியது: எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரு பாதிகளையும் பெருக்குவது. முக்கோண நிலமானால் நான்காம் பக்கத்தை இல்லையென்று கொண்டு அதே விதியைப் பயன்படுத்தினார்கள். செவ்வகத்துக்கு மட்டுமே இது முற்றிலும் சரி. மற்ற நாற்கரங்கள் அனைத்துக்கும் உண்மையைவிடக் கூடுதலான விடையைத்தான் தரும்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு முக்கோணத்தின் பரப்பளவு அதன் இரு பக்கங்களின் பெருக்கற்பலனில் பாதியை மிஞ்சாது. அவ்விரு பக்கங்களும் செங்கோணத்தில் சந்தித்தால்தான் அந்தப் பாதியை எட்டும். நாற்கரத்தை ஒரு மூலைவிட்டத்தால் பிரித்து இப்படி ஓர் உச்சவரம்பு காணலாம். மற்ற மூலைவிட்டத்தால் பிரித்து இன்னொன்று காணலாம். இந்த இரண்டு வரம்புகளின் சராசரிதான் எட்ஃபூ விதி. ஆகவே அந்த விதியின் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது. பரப்பளவுக்கு வரி கட்டுகிறவனும், பரப்பளவுக்கு விலை கொடுக்கிறவனும்தான் அதில் இழக்கிறார்கள்.

வேள்விக்களத்தில் நிலைமை வேறு. போதாயனர் முதலியோரின் சுல்ப சூத்திரங்களில் பருந்து வடிவ வேள்விமேடையின் பரப்பளவு ஏழரைச் சதுரப் புருஷம் என்று முன்கூட்டியே விதிக்கப்படுகிறது. அதன் எளிய வடிவத்தில் உடல் 4. இறக்கை ஒவ்வொன்றும் 1, அத்துடன் ஐந்தில் ஒரு பங்கு நீட்டிப்பு. வால் 1, அத்துடன் பத்தில் ஒரு பங்கு. கூட்டினால் 4 + 2.4 + 1.1 = 7.5. கூட்டு வடிவத்தின் கணக்கு இதைவிடத் தெளிவாக அமைவது அரிது. துண்டுகள் எல்லாம் சதுரமும் செவ்வகமும் என்பதால் பக்க அளவே போதுமானது. ஆனால் அந்தச் செங்கோணங்களைத் தரையில் அமைக்க அவர்கள் நம்பியது மூலைவிட்டக் கயிற்றைத்தான். போதாயனர் தம் தேற்றத்தைச் சொல்வதும் மூலைவிட்டத்தைக் கொண்டே.

பிரம்மகுப்தர் 628-ல் இரண்டு விடைகளையும் அருகருகே வைத்தார். எதிர்ப்பக்கச் சராசரியால் வருவது தூலம், அதாவது தோராயம். நான்கு பக்கங்களின் கூடுதலில் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, அந்த நான்கு மீதிகளையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வருவது சூக்குமம். ஆனால் நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நாற்கரத்துக்குத்தான் இந்தச் சூக்குமமும் பொருந்தும். சுமார் 850-ல், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், மகாவீரர் தம் கணிதசாரசங்கிரகத்தில் சங்கு, மிருதங்கம், யானைத்தந்தம், வாற்கோதுமை மணி போன்ற வடிவங்களுக்கும் பரப்பளவு கண்டார். அவருடைய சங்கு, அளவில் வேறுபட்ட இரு அரைவட்டங்களின் சேர்க்கை. இந்நூலை எம். ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பிக்க, 1912-ல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது.

தீர்ப்பை எழுதியவர் இரண்டாம் பாஸ்கரர். செங்குத்தையோ மூலைவிட்டத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பளவைக் கேட்பவன் பிசாசுக்கு ஒப்பானவன், அதற்கு விடை சொல்பவன் அவனிலும் மோசம் என்று லீலாவதியில் (1150) கடிந்துகொள்கிறார். இந்தக் கடுமை நியாயமானது. நான்கு பக்கமும் 40 அடி கொண்ட ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். சதுரமானால் 1600 சதுர அடி. ஒரு மூலைவிட்டம் 48 அடியானால் 1536. அது 32 அடியாகச் சுருங்கினால் சுமார் 1173. மூன்றிலும் பக்க அளவு மாறவில்லை என்பதை மறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கோடு ஒன்றுதான் மாறியது.

அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் கருவியின் வளர்ச்சி. எட்மண்ட் கண்டர் 1620-ல் 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலியை விளக்கினார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மைஸ்டர் 1769-ல் முனைகளின் ஆயத்தொலைவுகளைக் கொண்டே பலகோணத்தின் பரப்பளவைக் காணும் சூத்திரத்தைத் தந்தார். இன்றைய கணினி வரைபடங்கள் அதனையே பயன்படுத்துகின்றன. வளைகோட்டு எல்லைகளைத் தடவியே பரப்பளவு சொல்லும் கருவியை யாக்கோப் ஆம்ஸ்லர் 1854-ல் வடிவமைத்தார்.

தமிழ்நாட்டு நில அளவைத் துறையின் புலப்படத்தைப் பார்த்தால் பாஸ்கரர் கேட்டது நிறைவேறியிருப்பது தெரியும். ஜி-லைன் எனப்படும் கோடுகள் புலத்தை முக்கோணங்களாக வெட்டுகின்றன. எல்லையின் நெளிவுகளுக்கு அந்தக் கோடுகளிலிருந்து செங்குத்துத் தூரங்கள் குறிக்கப்படுகின்றன. ஆனால் மனைப் பத்திரங்கள் பலவற்றில் வடபுறம் கிழமேல் இத்தனை அடி, தென்புறம் கிழமேல் இத்தனை அடி, கீழ்புறம் தென்வடல் இத்தனை, மேல்புறம் தென்வடல் இத்தனை என நான்கு அளவுகளோடு எழுத்து நின்றுவிடுகிறது. மொத்தச் சதுர அடியும் பெரும்பாலும் எதிர்ப்பக்கச் சராசரியால் வந்ததே. எட்ஃபூ சுவரில் இருக்கும் விதி நம் பத்திரங்களில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மனை வாங்குவோரும் பத்திரம் எழுதுவோரும் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நாடாவைப் பிடித்து, அந்த ஐந்தாவது அளவையும் சொத்து விவரத்தில் எழுதிவிட வேண்டும்.