முத்திரையிட்ட உணவு: அக்பரின் மத்பக்

அரண்மனைச் சமையற்காரரைப் பற்றிய சரித்திர நாடகங்களில் நஞ்சும் சூழ்ச்சியும் தவறாது இடம்பெறும். முகலாயர் வரலாற்றில் நாம் காண்பதோ, நஞ்சு நுழைய இயலாதபடி அமைத்த ஓர் அலுவலக ஒழுங்கு. அபுல் ஃபஸ்லின் ஆயினே அக்பரி அதனை விரிவாகவே பதிந்துள்ளது.

அக்பர் (ஆட்சி 1556–1605) நாளொன்றுக்கு ஒருமுறையே உண்டார். அதற்கென நேரம் குறித்ததில்லை. ஆயினும் கட்டளை பிறந்த ஒரு மணி நேரத்தில் நூறு வகை உணவு ஆயத்தமாகிவிடும். சமையற்காரர் சட்டைக் கைகளை மடித்து, வாயையும் மூக்கையும் மறைத்துக்கொள்வர். சமைத்தவர் முதலில் சுவைப்பார், பின்னர் பகாவல், அதன்பின் மத்பக்கின் தலைவரான மீர் பகாவல். பொன், வெள்ளிப் பாத்திரங்களைச் சிவப்புத் துணியிலும், செம்பு, பீங்கான் பாத்திரங்களை வெள்ளைத் துணியிலும் கட்டுவர். மீர் பகாவல் முத்திரையிட்டு, உள்ளிருப்பது இன்னதென எழுதுவார். எதுவும் மாறிவிடாதிருக்க, எழுத்தர் எழுதிய பட்டியல் ஒன்றும் அவருடைய முத்திரையுடன் உள்ளே செல்லும். தண்டம் ஏந்தியோர் முன்னும் பின்னும் நடப்பர்.

அப்பதவியை வகித்தவர் கீலானிலிருந்து வந்த ஹகீம் ஹுமாம். மருத்துவர் அபுல் ஃபத்ஹின் சகோதரர். அவருடைய மன்ஸப் 600தான். மன்னரிடம் அவருக்கிருந்த செல்வாக்கோ மிகப் பெரிது. நாள்தோறும் மன்னரின் உயிர் அவர் முத்திரைக்குள் அன்றோ இருந்தது!

ஆனால் அடுப்படியில் நின்றவர்கள்? கிச்சடிக்கு அரிசி, பயற்றம்பருப்பு, நெய் ஒவ்வொன்றும் 5 சேர் (ஆம், நெய்யும்தான்!) என அளவு குறித்த அபுல் ஃபஸ்ல், அதைக் கிளறியவர் பெயரை அங்கே குறிக்கவில்லை. மன்னர் உண்ணுமுன் தர்வேஷ்களின் பங்கைத் தனியே எடுத்துவைத்ததை மறவாது எழுதியிருக்கிறார்.